கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பதல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைந்த அபாயமுள்ள புராஸ்டேட் புற்றுநோய் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, 'அறுவை சிகிச்சை அல்லது காத்திருப்பு' என்று இரண்டு வழிகளைச் சொன்னது. அந்த இரண்டாவது சொல்தான் ஆளைத் தவறான பக்கம் தள்ளிவிடும். தொந்தரவு வந்தால் மட்டும் வைத்தியம் பார்ப்பது, வயது மிக முதிர்ந்தவர்களுக்கான காத்திருப்பு. தொடர் கண்காணிப்பு அதுவல்ல. புற்று குணம் மாறினால், குணப்படுத்தக்கூடிய கட்டத்திலேயே பிடிப்பதற்காகப் போடும் அட்டவணை அது.

ஊசியால் எடுத்த திசுவைச் சோதிக்கும் பயாப்சி அறிக்கையில், புற்றின் வீரியத்தைச் சொல்லும் மதிப்பெண் 'க்ளீசன் 3+3=6' என்று இருக்கும். பத்துக்கு ஆறா என்று பலரும் கலங்கிப்போகிறார்கள். இன்றைய நடைமுறையில் மதிப்பெண் தொடங்குவதே 6-ல்தான். வீரியத்தில் அதுதான் மிகக் கீழான படி. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 'கிரேடு குரூப் 1' என்றும் சேர்த்து எழுதுகிறார்கள். குறைந்த அபாயம் என்று சொல்ல, கூடவே புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் இரத்த அளவான பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழும், கட்டி சுரப்பிக்குள் சிறிய அளவிலும் இருக்க வேண்டும்.

அட்டவணை இதுதான்: ஆறு மாதத்துக்கொரு பி.எஸ்.ஏ., ஆண்டுக்கொருமுறை ஆசனவாய் வழியே விரல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., முதல் ஓராண்டுக்குள் உறுதி செய்யும் பயாப்சி, பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு பயாப்சி. முதல் ஓராண்டுக்குள் செய்யும் அந்த உறுதி பயாப்சியைத் தவிர்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. முதல் தடவை ஊசி தொடாமல் விட்ட இடத்தில் கிரேடு கூடிய புற்று இருந்தால், அதில்தான் தெரியவரும்.

பி.எஸ்.ஏ. ஒருமுறை ஏறியதை மட்டும் வைத்துக் கத்தியை எடுக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று ஏற்றிவிடும். முதல் நாள் விந்து வெளியேறியிருந்தாலும் ஏறும். மாறாக, புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடுபவருக்கு அளவு ஏறத்தாழப் பாதியாகக் காட்டும். அறிக்கையில் 4 என்றால் அதை 8 என்று படிக்க வேண்டும். மருத்துவரிடம் மாத்திரைப் பட்டியலைச் சொல்லாதவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

பிரிட்டனின் 'புரொடெக்ட்' ஆய்வு 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்தது. 2023-ல் வெளியான 15 ஆண்டு முடிவில், இந்த நோயால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1 சதவீதம், அறுவையில் 2.2 சதவீதம். நோய் வேறு இடங்களுக்குப் பரவியது முறையே 9.4, 4.7 சதவீதம். இந்த இரண்டாவது வேறுபாட்டை மறைக்கக் கூடாது. அதில் குறைந்த அபாயம் அல்லாதவர்களும் இருந்தார்கள், அன்றைய கண்காணிப்பு பெரும்பாலும் பி.எஸ்.ஏ.யை மட்டுமே நம்பியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கண்காணிப்பில் இருந்தவர்களில் சுமார் 61 சதவீதத்தினர் பிற்பாடு சிகிச்சைக்கு மாறினார்கள்.

அறுவைக்கு விலை உண்டு. விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டியே ஓடுகின்றன. வெட்டாமல் காப்பாற்றினாலும் இழுபட்டு நசுங்கக்கூடும். அதே ஆய்வில் அறுவைப் பிரிவில் இருந்தவர்களில் ஆறு மாதத்தில் 46 சதவீதத்தினரும், ஆறு ஆண்டுக்குப் பின் 17 சதவீதத்தினரும் சிறுநீர்க் கசிவுக்குப் பேடு வைத்தார்கள். கண்காணிப்பில் ஆறு ஆண்டில் இது 8 சதவீதம்.

புற்று அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.2 மரபணு மாற்றம் உள்ளவர்கள், மறு பயாப்சியில் வீரியம் கூடிய க்ளீசன் 4+3 வந்தவர்கள், பரிசோதனைக்குத் தவறாமல் வர இயலாதவர்கள், இவர்களுக்கு இந்த வழி பொருந்துமா என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். அடுத்த இதழில் அந்த அட்டவணையை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால், வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ள உதவும்.

தங்கள் வாசகர்