மரை போன டிரெய்ன் போல்ட்டைப் பசை பூசி மறைத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வண்டி உரிமையாளர்,
அயனாவரம், சென்னை – 600 023.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: எஞ்சின் ஆயில் கசிவு – சர்வீஸில் மரை கெட்டதை மறைத்தது – வாரண்டி மறுப்பு – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில் என் மோட்டார் சைக்கிளுக்குப் புது ஆயில் ஊற்றி, சோப்பு போட்டுக் கழுவி, பளபளவென்று கையில் கொடுத்தார்கள். அந்த வாரமே வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய்ச் சொட்டுகள். நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. தரையில் கறை விழுந்தால் யாருடைய வண்டி என்று சங்கத்தில் கேள்வி வரும்; வந்தது.

மையத்தில் போய்ச் சொன்னேன். வரவேற்பில் இருந்த இளைஞர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மழைக்காலம் சார், அழுக்குத் தண்ணீர் வடியும். ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். ஆயில் கசிவு ஓட்ட ஓட்ட அதிகமாகுமே தவிர, தானாகச் சரியாகி நான் பார்த்ததில்லை. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனவே வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடிப்பதுதான் இதில் பாதி வேலை. வண்டி ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போகும். கிளம்பும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறொன்று. கிளட்ச் கவர் கேஸ்கெட், கியர் ஷாஃப்ட் சீல், செயின் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சீல் என்று எல்லாவற்றின் மீதும் சந்தேகம் போகும். எஞ்சினின் அடிப்பாகத்தை டீசலில் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். கீழே செய்தித்தாளை விரித்து, எஞ்சின் சூடேறும் வரை ஓடவிட்டேன். கேஸ்கெட் ஓரங்களில் தூவியது தூவியபடி இருந்தது. பழைய ஆயிலை வடிக்க அடியில் வைத்திருக்கும் டிரெய்ன் போல்ட்டைச் சுற்றி மட்டும் பவுடர் கறுத்து நனைந்தது.

உண்மையில் எனக்கு நிம்மதிதான். டிரெய்ன் போல்ட்டில் கசிவென்றால் பெரும்பாலும் வாஷரோடு போய்விடும், ஜி.பி. சாலைக் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற பொருள். புது வாஷரை வாங்கி வைத்துக்கொண்டு, பழைய ஆயிலை வடிக்க ஸ்பானரைப் போட்டேன். போல்ட் இளகிய விதமே சரியில்லை. எதையோ பிய்த்துக்கொண்டு நகர்ந்தது, பிறகு பிடிமானமின்றி நின்ற இடத்திலேயே சுழன்றது. விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துத் திருப்பித்தான் வெளியே எடுக்க முடிந்தது.

எடுத்துப் பார்த்தால், போல்ட்டின் தலைக்கடியில் சாம்பல் நிறச் சிலிகான் பசை கெட்டித்துக் கிடக்கிறது. மரைப் பள்ளங்களில் அலுமினிய இழைகள் சுருள் சுருளாகச் சிக்கியிருக்கின்றன. அவை எஞ்சின் கேஸின் மரைகள். போல்ட் எஃகு, கேஸ் அலுமினியம். அளவுக்கு மீறி முடுக்கினால் தோற்பது அலுமினியம்தான். உங்கள் கையேட்டில் இந்தப் போல்ட்டுக்குக் குறித்திருப்பது 25 நியூட்டன் மீட்டர். முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் பிடித்திருந்தால் இது நடந்திருக்காது.

வாஷர் விஷயம் இன்னும் வேடிக்கை. "டிரெய்ன் வாஷர், புதியது – 1" என்று ரசீதில் பணம் வாங்கியிருக்கிறீர்கள். என் கையில் வந்தது நன்றாக நசுங்கிய செம்பு வாஷர். அதன் முகத்தில் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு வட்டத் தடங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு முறை முடுக்கிய வாஷரில் இரண்டு தடம் எப்படி விழும்?

மரை போவது எந்தப் பட்டறையிலும் நடக்கக்கூடியதுதான். அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. பசையைப் பூசி அனுப்பியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் போல்ட் ஓட்டத்தில் கழன்றிருந்தால் ஆயில் முழுவதும் பின்சக்கரத்துக்கு முன்னால் கொட்டியிருக்கும். மெட்ரோ பணிக்காகத் தோண்டிப் போட்ட சாலையில், எண்ணெய் பட்ட டயரோடு ஒரு வளைவு திரும்புவதை நினைத்துப் பாருங்கள். என் மகன் இந்த வண்டியில்தான் பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறான்.

இதையெல்லாம் படத்தோடு அனுப்பியதற்கு உங்கள் மையம் அளித்த பதில் ஒற்றை வரி: வெளியில் கழற்றியதால் வாரண்டி செல்லாது. ஆயில் மாற்றும் முறையை உங்கள் கையேடே படம் போட்டு விளக்குகிறது. டீசலில் கழுவும் முன்பே நான் எடுத்த படங்களில், பசையின் மேல் சாலைப் புழுதி படிந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. அதை நான் அன்று பூசியிருக்க முடியாது. மேலும், நான் கேட்பது உற்பத்திக் குறைக்கான வாரண்டி அல்ல. உங்கள் ஆட்கள் செய்த சேதத்துக்கான பொறுப்பு.

புதுப்பேட்டையில் எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் ஓட்டையைப் பெரிதாக்கி, மரை வெட்டி, ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். தடயம் அழிந்துவிடும் என்பதால் போகவில்லை. வண்டி ஆயிலின்றி அப்படியே நிற்கிறது. உங்கள் தொழில்நுட்ப அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். ஹெலிகாயில் போதுமா, கேஸையே மாற்ற வேண்டுமா என்பதை அவர் எழுத்தில் தர வேண்டும். எதைச் செய்தாலும் செலவு உங்களுடையது. அலுமினியத் துகள் உள்ளே தங்காமல் கழுவி, புது ஆயில் ஊற்றித் தர வேண்டும். பெரிய அளவு போல்ட்டை வலுக்கட்டாயமாக ஏற்றும் வேலை வேண்டாம். சர்வீஸ் தொகையும், போடாத வாஷரின் விலையும் திரும்ப வர வேண்டும்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. போல்ட்டும் வாஷரும் துடைக்காமல், உறையில் போட்டு என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வருகிற அதிகாரியிடம் காட்டுவேன், கொடுத்தனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்

இணைப்பு: சர்வீஸ் ரசீது நகல், படங்கள், மையம் அனுப்பிய பதிலின் நகல்.