மல்லிகாவுக்கு: அந்த வழக்கை எடுத்துக்கொண்டேன்

அன்புள்ள மல்லிகா,

நலம்தானே? முட்டிவலிக்கு டாக்டர் சொன்ன நடையை நீ நடக்கப்போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு வேலை கிடைத்துவிட்டது, விவரம் அப்புறம். வசந்தி உன்மேல் கோபமாக இருக்கிறாள், எதற்கென்று உனக்கே தெரியும், சீக்கிரம் சமாதானம் செய்துவிடு.

அன்றைக்குப் போனில் நீ "சரி, வைக்கிறேன்" என்று சொன்னாயே, அதற்கப்புறம் நானும் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நீ என்னைப் பேச விடமாட்டாய். சட்டக் கல்லூரியில் கோபாலன் சார் வகுப்பில் ஆரம்பித்த பழக்கம் அது. இத்தனை வருஷம் அரசுத் தரப்பில் நின்று நின்று இன்னும் முற்றிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை குறுக்கே பேசாமல் படித்துத்தான் ஆகவேண்டும்.

அந்த வழக்கை எடுத்துக்கொண்டேன். சட்ட உதவி மையத்திலிருந்து கேட்டார்கள், சம்மதித்துவிட்டேன். பெயரோ ஊரோ சொல்லமாட்டேன், நீயும் கேட்கமாட்டாய். இரண்டு குழந்தைகள். பெரியது பேச ஆரம்பித்த வயது, சின்னது கைக்குழந்தை. இரண்டும் இல்லை இப்போது. செய்தவள் அம்மா. செய்து முடித்துவிட்டுத் தானே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னவளும் அவள்தான்.

"தட்டிச் சொன்னாள் இல்லையா, அப்போ தப்பு என்று தெரிந்திருக்கிறது இல்லையா?" என்று நீ கேட்டாய். நீதிமன்றத்திலும் இதைத்தான் கேட்கப்போகிறார்கள். உன் இடத்தில் யார் நின்றாலும் இதைத்தான் முதலில் பிடிப்பார்கள். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது, ஏனென்றால் அதற்குப் பதில் "ஆமாம், தெரியும்" என்றும் சொல்லலாம், "இல்லை, தெரியாது" என்றும் சொல்லலாம், இரண்டுமே பொய்யில்லை.

ஆண்ட்ரியா யேட்ஸ் வழக்கு உனக்கு ஞாபகம் இருக்கும். 2001 ஜூன், டெக்சாஸின் ஹூஸ்டன். தன் ஐந்து குழந்தைகளையும் கொன்ற தாய். போலீஸுக்குப் போன் செய்தது அவரேதான். அதற்கு இரண்டு வருஷம் முன்பே தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் இருந்தவர், இன்னொரு குழந்தை வேண்டாம் என்று டாக்டர் எச்சரித்தும் ஐந்தாவது பிறந்தது. சம்பவத்துக்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான் அவருடைய மனநோய்க்கான மருந்தை நிறுத்தியிருந்தார்கள். தன் மனதுக்குள் என்ன ஓடியது என்று அவர் சிறையில் டாக்டர்களிடம் சொன்னதைப் படித்தால் உனக்கும் கை நடுங்கும். தன்னால் பிள்ளைகள் கெட்டுக்கொண்டிருக்கிறார்கள், வளர்ந்தால் நரகத்துக்குப் போவார்கள், சிறு வயதிலேயே போய்விட்டால் சொர்க்கம். தனக்குள் சாத்தான் இருக்கிறான், அரசாங்கம் தனக்கு மரண தண்டனை கொடுத்தால் அவனும் அழிவான். போலீஸைக் கூப்பிட்டது அந்த நம்பிக்கையின் அடுத்த படி, மல்லி. தண்டனை வரும் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தண்டனை வரவேண்டும் என்பதற்காகவே கூப்பிட்டார்.

2002-ல் ஜூரி நாலு மணி நேரத்துக்குள் குற்றவாளி என்று சொல்லிவிட்டது. மரண தண்டனை வேண்டாம் என்றது மட்டும்தான் கருணை, ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அப்புறம் அரசுத் தரப்பு மனநல நிபுணர் பார்க் டீட்ஸ் சாட்சியத்தில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. இதேமாதிரி ஒரு தாய் பைத்தியம் என்று விடுதலையாகும் கதை, சம்பவத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்தது என்று சொல்லியிருந்தார். அப்படி ஒரு கதை வரவே இல்லை. 2005-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது, 2006 ஜூலையில் இரண்டாவது ஜூரி நாள்கணக்கில் உட்கார்ந்து பேசி, மனநிலை பிறழ்ந்திருந்ததால் குற்றவாளி அல்ல என்றது. அதே பெண், அதே செயல், அதே சட்டம்.

இன்னொன்று கேள். அதே டெக்சாஸில், 2003-ல் டியானா லேனி என்ற தாய், கடவுள் கட்டளையிட்டார் என்று நம்பி இரண்டு பிள்ளைகளைக் கொன்றார், மூன்றாவது குழந்தை படுகாயத்தோடு பிழைத்தது. 2004-ல் ஜூரி அவரைக் குற்றவாளி அல்ல என்று விட்டது. அவருக்கு மனநோய் என்று சொன்ன நிபுணர்களில் ஒருவர் அதே டீட்ஸ்! யேட்ஸுக்குத் தப்பு என்று தெரியும் என்றவர் அவர்தான். அவர் சொன்ன வித்தியாசம் என்ன தெரியுமா? கடவுள் சொன்னார் என்று நம்பினால், செய்வது சரி என்றே நினைத்திருப்பார். சாத்தான் உள்ளே இருந்தான் என்றால், அது தப்பு என்று தெரிந்திருக்கும். இதைப் படித்தபோது எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. நோயில் குழம்பிய மூளை எந்தக் குரலுக்கு எந்தப் பெயர் வைத்தது என்பதில் ஒருத்திக்குச் சிறையும் ஒருத்திக்குச் சிகிச்சையும் தீர்மானமாகலாமா?

நம் ஊர்ச் சட்டத்திலும் இந்தச் சண்டை இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவை நீ தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய், இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. 1843-ல் இங்கிலாந்தில் மக்நாட்டன் வழக்கை ஒட்டி வந்த விதியை 1860-ல் எழுதி வைத்தார்கள், இன்னமும் அதைத்தான் ஓட்டுகிறோம். மனநோயால் செயலின் தன்மையை அறியும் திறன் இல்லாதவர், அல்லது தான் செய்வது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்று அறியும் திறன் இல்லாதவர் செய்தது குற்றமாகாது. அஷிருத்தீன் வழக்கை எடுத்துப் பார், 1949, கல்கத்தா. சொர்க்கத்திலிருந்து யாரோ கனவில் கட்டளையிட்டதாக நம்பி ஐந்து வயது மகனை பலிகொடுத்த அப்பா. கொலை செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியும், சட்டம் தடுக்கிறது என்பதும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஊர்க்காவலர் பக்கத்தில் இருந்ததால் மாமாவைத் தனியே கூட்டிப்போய்த்தான் விஷயத்தைச் சொன்னார். ஆனால் தவறு என்று தெரியாது, கட்டளையை நிறைவேற்றுகிறோம் என்றே நம்பினார் என்று சொல்லி 84-ன் பலனைக் கொடுத்தது. பத்து வருஷம் கழித்து அலகாபாத் உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் இதை ஏற்கவில்லை: செய்தவர் என்ன நம்பினார் என்பது கேள்வியில்லை, அறியும் திறனே போய்விட்டதா என்பதுதான் கேள்வி என்றது. நீ அலகாபாத் கட்சி, நான் கல்கத்தா கட்சி. கல்லூரியிலும் அப்படித்தான், ஞாபகம் இருக்கிறதா?

அறியும் திறன் என்று நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனுஷிக்குள் தப்பு எது சரி எது என்று எடைபோடும் இடமே நோயால் பிடிக்கப்பட்டிருக்கும்போது, 'கொலை குற்றம்' என்ற பாடத்தை அவளால் ஒப்பிக்க முடிகிறது என்பதை வைத்து அவளுக்குத் திறன் இருந்தது என்று சொல்லிவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என் கட்சிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கேஸ் கட்டில் ஒரு தடுப்பூசி அட்டை இருக்கிறது. போலீஸ் வீட்டில் எடுத்த பொருள்களில் ஒன்று, யாரும் அதற்கு முக்கியத்துவம் தரவில்லை. சின்னக் குழந்தையினுடையது. போட்ட ஊசிக்கெல்லாம் தேதி வரிசையாக இருக்கிறது, அடுத்த ஊசிக்கு அவள் கையாலேயே பென்சிலில் தேதி எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். அந்தத் தேதி, சம்பவம் நடந்ததற்கு அப்புறம் வருகிற தேதி. கூடவே ஒரு மருந்துச் சீட்டு. பிரசவத்துக்குப் பின் தூக்கமே இல்லை, யாரோ பேசுகிறார்கள் என்கிறாள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார், மாத்திரையும் எழுதியிருக்கிறார். தாய்ப்பால் கொடுக்கிறவள் இதெல்லாம் சாப்பிடக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சில நாளிலேயே நிறுத்திவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, குழந்தைக்கு ஆகாது என்ற பயத்தில்.

பிரசவத்துக்குப் பின் வருகிற இந்த மனநோய் ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பிக்கும். நம் பாட்டிமார்கள் ஜன்னி கண்டுவிட்டது என்பார்களே, அதில் இதுவும் சேர்த்திதான். இதில் கொடுமை என்னவென்றால் நோய் ஏறி இறங்கும். காலையில் தெளிவாகப் பேசுவாள், மதியம் வேறு உலகத்தில் இருப்பாள். பக்கத்து வீட்டுக்காரம்மா வாக்குமூலத்தில் "காலையில் நன்றாகத்தானே பேசினாள்" என்று சொல்லியிருக்கிறார். நீ இருந்தால் இந்த வரியை வைத்தே வழக்கை முடித்துவிடுவாய். ஒரு மனநல மருத்துவரைக் கேள், அந்த வரியே நோயின் அடையாளம் என்பார்.

அப்புறம் காலம். அரசு மருத்துவர் அவளைப் பார்ப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும், சிறையில் மாத்திரை கொடுத்துத் தெளிய வைத்திருப்பார்கள், கூண்டில் நிற்பது தெளிந்த பெண். நீதிபதி பார்ப்பது அவளைத்தான். நிரூபிக்கும் சுமை எங்கள் தலையில் என்பதும், 1964-ல் தாயாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி சிவில் வழக்கு அளவுக்கு, அதாவது அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நிரூபித்தால் போதும் என்பதும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அளவுகூட எப்படிக் கிடைக்கும், அந்த நாளில் அவளைப் பார்த்த டாக்டரே இல்லாதபோது?

தெளிவதைப் பற்றி இன்னொன்று. மருந்து வேலை செய்ய வேலை செய்ய, என்ன செய்தோம் என்பது அவளுக்குப் புரிய ஆரம்பிக்கிறது. முதல் தடவை நான் போனபோது அவள் பேசவில்லை. அடுத்த தடவை, "எனக்கு என்ன கொடுத்தாலும் சரி, சீக்கிரம் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றாள். குணமாவதே தண்டனையாகிவிட்ட ஒருத்தியை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

நீ பயப்படுவது நியாயம். ஒவ்வொரு கொலைகாரனும் இதைச் சொல்லித் தப்பிப்பான் என்கிறாய். எல்லோரும் தப்பிக்கவில்லை, மல்லி. 1994-ல் சூசன் ஸ்மித், தென் கரோலினாவில் இரண்டு மகன்களைக் காரோடு ஏரியில் மூழ்கடித்துவிட்டு, யாரோ காரைக் கடத்திப்போனான் என்று ஒன்பது நாள் தொலைக்காட்சியில் அழுதார். ஆயுள் தண்டனை, இன்னும் உள்ளேதான். 2009-ல் கான்சஸில் கேலர் என்பவர் பிரிந்துபோன மனைவியையும் இரண்டு மகள்களையும் மனைவியின் பாட்டியையும் சுட்டுக்கொன்றார். அந்த மாநிலத்தில் அதற்கு முன்பே மனநிலை பிறழ்வு என்ற இந்தப் பாதுகாப்பையே எடுத்துவிட்டார்கள், அது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2020-ல் சொல்லிவிட்டது. கேலர் மாதிரி ஆளுக்காக நான் வாதாடவில்லை. மனைவியைப் பழிவாங்கப் பிள்ளைகளைக் கொல்கிறவன் வேறு, பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பிக் கொல்கிறவள் வேறு. பிலிப் ரெஸ்னிக் என்ற மனநல மருத்துவர் 1969-லேயே இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிவிட்டார். ஆனால் கேலர் மாதிரி ஆட்களுக்கு மூடிய கதவு அந்த மாநிலத்தில் என் கட்சிக்காரர் மாதிரி ஒருத்திக்கும் சேர்த்தே மூடிவிட்டது.

இங்கிலாந்து மாதிரி தனிச் சட்டம் கொண்டுவந்தால் போயிற்று என்றாயே, யோசித்துப் பார்த்தேன். 1938 சட்டத்தின்படி பிரசவத்தின் விளைவால் மனநிலை குலைந்து, பன்னிரண்டு மாதத்துக்குட்பட்ட தன் குழந்தையைக் கொன்ற தாய்க்குக் கொலைக் குற்றத்துக்குப் பதில் குறைந்த குற்றம். நல்ல சட்டம்தான். ஆனால் யேட்ஸின் ஐந்து குழந்தைகளில் கடைசிக் குழந்தைக்கு மட்டும்தான் அது பொருந்தும். என் வழக்கிலும் சின்னதுக்குப் பொருந்தும், பெரியதுக்குப் பொருந்தாது. ஒரே அறை, ஒரே நேரம், ஒரே நோய். அஷிருத்தீன் மாதிரி அப்பா என்றால் எதுவுமே இல்லை.

விடுதலை என்றால் வீட்டுக்குப் போவாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நீகூட அந்தக் கோபத்தில் அப்படித்தான் பேசினாய். அவள்தான் செய்தாள் என்பது தீர்ப்பிலேயே பதிவாகும், அப்புறம் பாதுகாப்புக் காவல் அல்லது மருத்துவமனை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய 335, புதியதில் 374. யேட்ஸ் இன்றும் அரசு மனநல மருத்துவமனையில்தான் இருக்கிறார். டெக்சாஸில் இந்த விளைவை ஜூரியிடம் சொல்லவே கூடாது என்று சட்டம். தெரியாதவர்கள் 'விட்டுவிட்டால் வெளியே வந்துவிடுவாளே' என்ற பயத்தில் முடிவெடுக்கிறார்கள். நம்மிடம் ஜூரி இல்லை, ஆனால் அதே பயம் தெருவில் இருக்கிறது, செய்தித்தாளில் இருக்கிறது, நீதிபதி வீட்டிலும் இருக்கும்.

அந்தக் குழந்தைகளை நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. அட்டையில் உள்ள பெயரைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு நியாயம் வேண்டாமா என்று நீ கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மாத்திரையை நிறுத்தியபோது யாராவது ஒருத்தர் அந்த டாக்டருக்குப் போன் செய்திருந்தால் அவர்கள் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அவர்களுக்குச் சேரவேண்டிய நியாயத்தை நான் அந்த இடத்தில் தேடுகிறேன், அவள் கழுத்தில் இல்லை.

சரி, இப்போது உன்னிடம் ஒரு வேலை. என் எழுத்துமூல வாதத்தின் முதல் வரைவைத் தனியாக அனுப்புகிறேன், அடையாளம் எதுவும் இருக்காது. அரசுத் தரப்பில் நீயே நிற்கிறாய் என்று வைத்துக்கொண்டு, ஈவு இரக்கம் பார்க்காமல் ஓட்டைகளைக் குறித்து அனுப்பு. குறிப்பாக அந்தக் கதவைத் தட்டிய இடம், நான் எழுதியிருப்பது எனக்கே இன்னும் போதவில்லை. அலகாபாத் தீர்ப்பின் உன் பழைய குறிப்பு இருந்தால் அதையும் சேர்த்து வை. அடுத்த வாய்தாவுக்கு முன்னால் கிடைத்தால் நல்லது. வசந்திக்கு முதலில் போன் செய், எனக்கு அப்புறம் செய்யலாம்.

அன்புடன்,
சுந்தரி