நெகட்டிவைக் குப்பையில் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் பழைய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். பிலிம் காலம் போய்விட்டது, சரி. கொடாக் கம்பனியே கொடக்குரோம் என்ற தன் புகழ்பெற்ற கலர் பிலிமை 2009 இல் நிறுத்திவிட்டது. ஆனால் ஸ்கான் செய்தபின் நெகட்டிவ் தேவையில்லை என்று எழுதியிருப்பதை ஏற்க முடியாது.

கடைகளில் தானியங்கியாக ஸ்கான் செய்து தரும் ஜேபெக் படத்தில் மாப்பிள்ளையின் பட்டுவேட்டி வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கும். அதே நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பெல்லாம் தெரியும். வீட்டில் செய்பவர்கள் அங்குலத்துக்கு 2400 புள்ளியாவது வையுங்கள். 35 மில்லிமீற்றர் பிலிமில் ஏறக்குறைய 77 இலட்சம் பிக்சல் கிடைக்கும். கறுப்பு வெள்ளை என்றால் ஸ்கானரில் உள்ள தூசி நீக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். அது அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்வது. படத்தில் உள்ள வெள்ளி அந்தக் கதிரை மறைப்பதால் படத்தையே தூசி என்று நினைத்து அழித்துவிடும்.

ஸ்கானுக்கு முன் பெட்டியைத் திறந்து மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அசிட்டேற் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி மற்றச் சுருள்களையும் கெடுக்கும். அவற்றை உடனே பிரித்து, காற்றோட்டமாக வைத்து, முதலில் ஸ்கான் செய்யுங்கள். சுருங்கி வளைந்தபின் ஸ்கானரில் தட்டையாக இராது.

அடுத்தது பூஞ்சணம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். சிலந்தி வலை போல வெள்ளைக் கோடு தெரிந்ததும் பலர் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். அதோடு படம் போச்சு! படம் பதிந்திருப்பது ஜெலட்டின் என்ற மெல்லிய படலத்தில். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். அம்மம்மாவின் முகம் துணியோடு வந்துவிடும். பார்மசியில் கிடைக்கும் 70 வீத அல்ககோலும் உதவாது, மிச்சம் தண்ணீர்தானே. 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோலைப் பஞ்சில் நனைத்து, அழுத்தாமல், ஒரே திசையில் துடைக்க வேண்டும். அரித்த இடம் திரும்பி வராது, மேலும் பரவாமல் நிற்கும், அவ்வளவுதான்.

நல்ல நெகட்டிவ்களைப் பொலிப்புரொப்பிலீன் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லுடன் இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். பீவீசீ உறை நாளடைவில் பிலிமோடு ஒட்டிக்கொள்ளும். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கினால் மீண்டும் பாவிக்கலாம்.

கடையை மூடும் ஸ்டூடியோக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: நெகட்டிவ் மூட்டையைப் பழைய சாமான்காரரிடம் கொடுக்குமுன் உறைகளைப் புரட்டிப் பாருங்கள். பெயரும் திகதியும் எழுதியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கோல் எடுங்கள்.

வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை.