அணை நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் கடலுக்கும் நாலு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உவரியிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடமாக எங்கள் வீட்டில் தங்கள் நாளிதழ்தான் வாங்குகிறோம். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, எழுத்து தெரிவதில்லை. காலையில் காபியோடு நான் வாசித்துக் காட்டுவேன். இரங்கல் செய்திகள் முடிந்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கடலுக்கு என்ன போட்டிருக்கான் பிள்ள?" தம்பியும் அவன் மகனும் பைபர் படகில் தொழிலுக்குப் போகிறார்கள். அதனால்தான் கேட்கிறார்.

பெரும்பாலும் வாசிக்க ஒரே வரிதான் இருக்கும். மழைச் செய்தியின் கடைசிப் பத்தியில், குமரிக்கடல், மன்னார் வளைகுடா பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் செல்ல வேண்டாம் என்று வரும். ஆனி, ஆடி, ஆவணி முழுக்க இதே வரி. இடம் போதாத நாளில் அதுவும் இருக்காது. அதே பக்கத்தில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் எல்லாம் ஒரு நாள் தவறுவதில்லை. அது வர வேண்டியதுதான். தாமிரபரணிப் பாசனத்தை நம்பி நாற்றுப் பாவுகிறவர்களுக்கு அந்த எண்கள் எவ்வளவு முக்கியம் என்று எனக்கும் தெரியும். கூடுதாழை முதல் கூட்டப்புளி வரை இருக்கிற நாங்களும் இதே மாவட்டத்துக்காரர்கள்தானே ஐயா?

அந்த ஒரு வரியிலும் இரண்டு வெவ்வேறு ஆபத்துகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று காற்று. ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிற மேல்காற்றை இங்கே எல்லோரும் அறிவார்கள். அது நிலத்திலிருந்து கடலுக்குள் அடிக்கும் நாளில் கரையோரம் அலை எழும்ப இடம் கிடைக்காது. கரையில் நின்று பார்க்கிறவனுக்குக் கடல் சும்மா கிடக்கிற மாதிரி இருக்கும். உள்ளே போகப் போகத்தான் அலை வளரும். வீடு திரும்பும்போது அதே காற்றை எதிர்த்து வர வேண்டும். இந்தக் காற்று எந்த நேரத்தில் கூடும், எப்போது தணியும் என்று சொன்னால் பயன் உண்டு. மூன்று மாதம் ஒரே வரியைப் போட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். 'சூறாவளி' என்ற சொல்லையே தினம் தினம் கேட்டுப் பழகிவிட்டார்கள். நிஜப் புயல் வரும் அன்றைக்குச் சொல்ல வேறு சொல் இல்லை.

மற்றது கள்ளக்கடல். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். சித்திரை, வைகாசியில் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது, இலை அசையாது, கடல் மட்டும் ஏறி வரும். அந்த அலை இங்கே பிறந்ததல்ல. தென்துருவத்தை ஒட்டிய கடலில் பெருங்காற்று எழுப்பிய அலை, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து, ஐந்தாறு நாள் கழித்து நம் கரையில் வந்து அடிக்கிறது. சாதாரண அலை ஏழெட்டு விநாடிக்கு ஒன்று வருமென்றால், இது பதினாறு, பதினெட்டு விநாடிக்கு ஒன்று வரும். ஆழ்கடலில் படகில் இருப்பவனுக்கு மெல்லத் தூக்கி இறக்குவது போலத்தான் தெரியும். கரையை நெருங்கி ஆழம் குறைந்த இடத்தில்தான் அது நிமிர்ந்து நிற்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை இருக்கும் காலம் அது. கடலில் இருப்பவர்கள் எங்களைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்கள்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரையில், மணலில் ஏற்றி வைத்திருந்த தம்பியின் படகை இந்த அலை இழுத்துப் பக்கத்துப் படகில் மோதியது. படகின் முன்பக்கமான அணியம் பிளந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடலைப் பற்றி ஒரு சொல் இல்லை. 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகளை அலை கொண்டுபோனதைத் தாங்களே முதல் பக்கத்தில் போட்டீர்கள். அமாவாசை நெருங்கிய நாள் வேறு. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் எச்சரிக்கையை முன்கூட்டியே விடுத்திருந்தது. அது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது?

2017 ஒக்கிப் புயலை நாளிதழால் தடுத்திருக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 29 காலையில் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலையில் புயலாகிவிட்டது. பல நாள் தங்கலுக்குப் போனவர்கள் கைபேசி எட்டாத தூரத்தில் இருந்தார்கள். அச்சடித்த தாள் அங்கே என்ன செய்யும்? கள்ளக்கடல் அப்படியல்ல. புறப்பட்டு வந்து சேர நாள்கணக்காகிறது, முன்னதாகவே கணிக்க முடிகிறது. காலைத் தாளுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடையாது.

எல்லாம் கைபேசியில் வருகிறதே என்பார்கள். வருகிறது. போன வருடத்து எச்சரிக்கையும் நேற்றையதும் ஒன்றாகவே வருகின்றன, தேதி இல்லாமல். தாளில் தேதி இருக்கிறது.

நான் கேட்பது நாலு வரி. காற்றின் திசையும் வேகமும், நேரத்தோடு. அலை உயரம். இரண்டு அலைக்கு நடுவே எத்தனை விநாடி. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம். இவை எல்லாமே அந்த மையம் தினமும் வெளியிடுகிறவைதான். குளச்சல் முதல் கீழக்கரை வரை என்று ஒரே மூச்சில் சொல்லாமல், எங்கள் கரைக்கெனத் தனியாகப் போட வேண்டும். குளச்சல் திறந்த கடலைப் பார்த்த ஊர். கீழக்கரைக்கு முன்னால் தீவுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே அலை எப்படி அடிக்கும்? அலை உயரம் 2.5 மீட்டர் என்று போடும்போது, அது எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான், நடுவே ஏறக்குறைய அதன் இருமடங்கும் வரலாம் என்பதை வாரம் ஒரு முறையாவது கீழே சேர்த்துப் போடுங்கள். இது தெரியாமல்தான் பலரும் "ரெண்டரை மீட்டர்தானே" என்று வள்ளத்தைத் தள்ளுகிறார்கள்.

அணை நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போட்டால் போதும். அந்தப் பெட்டி எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று அப்பாவுக்கு விரலாலேயே தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
உவரி, திருநெல்வேலி மாவட்டம்.