சென்சாரின் மௌனத்துக்குப் பச்சை நிறம் பூசலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம், வட சென்னையின் சுரங்கப்பாதைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் நீர்மட்டம் காட்டும் சென்சார்களைப் பொருத்துவது பற்றியும், மணலி, எண்ணூர் பகுதிகளில் காற்றை அளக்கும் கருவிகளைக் கூட்டுவது பற்றியும் பேச்சு எழுகிறது. எத்தனை கருவிகள், எத்தனை இடங்களில் என்ற கணக்கு மட்டும் எல்லோர் வாயிலும் வருகிறது. அந்தக் கருவிகளுக்கும் கட்டுப்பாட்டு அறையில் உள்ள திரைக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் மென்பொருளைப் பற்றி யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. மணலியில் ஒரு தொழிற்சாலையின் கருவியியல் பிரிவில் 31 ஆண்டுகள் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். கொடுங்கையூரில் தாழ்வான தெருக்களில் எங்களுடையதும் ஒன்று. இரண்டு மழைக்காலங்களுக்கு முன், குடியிருப்போர் சங்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, தெருமுனை மின்கம்பத்தருகே ஒரு நீர்மட்ட சென்சாரை ஒரு தனியார் நிறுவனம் மூலம் பொருத்தினோம். சிம் கார்டு போட்ட சிறு பெட்டி. அளவு கைப்பேசியில் தெரியும். எண் கூடினால் பச்சை மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். ஒரு நாள் இரவு கனமழை. படுக்கும்போது 12 சென்டிமீட்டர், பச்சை. இரண்டு முறை விழித்துப் பார்த்தேன், 12, பச்சை. விடியற்காலை எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினார்: "அண்ணே, தண்ணி ரெண்டாம் படி ஏறிடுச்சு. உங்க போன்ல மட்டும் பன்னெண்டுலயே நிக்குதே!" அவருடைய வீட்டில் அரிசி மூட்டை தரையில் இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு ஏணி போட்டுப் பெட்டியைத் திறந்தேன். நள்ளிரவுக்குப் பின் மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே இருந்த சிறு பேட்டரி சற்று நேரம் தாக்குப்பிடித்து அணைந்திருந்தது. ஆன்டெனா திருகும் இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது; கடற்காற்று படும் ஊரில் இது புதிதல்ல. பெட்டி செத்துப்போனதில் எனக்கு வருத்தமில்லை, பெட்டி என்றால் சாகத்தான் செய்யும். செத்த பெட்டியின் கடைசிப் பேச்சை இரவு முழுவதும் இப்போது சொன்னதுபோல் காட்டிக்கொண்டிருந்த மென்பொருளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அது ஏன் அப்படிக் காட்டியது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் எம்.கியூ.டி.டி. என்னும் தகவல் பரிமாற்ற முறையில் பேசுகின்றன. 1999-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்காம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிப்பதற்காக உருவாக்கிய முறை இது. 2014-இல் ஓயேசிஸ் என்னும் பன்னாட்டுத் தரநிலை அமைப்பின் தரநிலையாயிற்று. கருவிகள் அனுப்பும் செய்தியை வாங்கி, கேட்பவர்களுக்கு வழங்கும் நடு மென்பொருளுக்கு இதில் புரோக்கர் என்றே பெயர். ஒரு செய்தியைத் 'தக்கவை' என்று குறித்து அனுப்பினால், புரோக்கர் அதை வைத்திருந்து, புதிதாக யார் வந்து கேட்டாலும் அதையே எடுத்துக் கொடுக்கும். எந்த நேரத்து அளவு என்பதை அனுப்புபவர் சேர்த்து அனுப்பாவிட்டால், வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. எங்கள் பெட்டியில் நடந்தது இதுதான். ஆனால் அதே முறையில் 'கடைசி விருப்பம்' என்றும் ஒரு வசதி உண்டு: "நான் சொல்லாமல் மறைந்தால் என் பெயரில் இதை அறிவித்துவிடு" என்று கருவி இணையும்போதே புரோக்கரிடம் எழுதிக் கொடுத்துவிடலாம். உயிரோடு இருப்பதாகச் சொல்ல வேண்டிய கால இடைவெளியை 60 விநாடி என்று வைத்தால், அதன் ஒன்றரை மடங்கான 90 விநாடிக்குள் எந்தச் சத்தமும் வராதபோது புரோக்கர் இணைப்பைத் துண்டித்து அந்த அறிவிப்பை வெளியிட வேண்டும். வசதி இருந்தது, அமைப்பில் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

இதில் என்னைப் போன்ற பழைய கருவியியல்காரர்களுக்குத் தனி ஆற்றாமை உண்டு. ஆலைகளில் அழுத்தம், வெப்பம், மட்டம் எதுவானாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகத்தான் கம்பியில் அனுப்புவோம். தொட்டி காலியாக இருந்தால் 4, நிரம்பினால் 20. சுழியத்தை 0-வில் வைக்காமல் 4-இல் வைத்ததற்கு முக்கியமான ஒரு காரணம், கம்பி அறுந்தால் 0 வரும். தொட்டி காலி என்பதும் கம்பி அறுந்தது என்பதும் ஒன்றுபோலத் தெரியக் கூடாது. 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் அது அளவே அல்ல, கோளாறு என்று கொள்ளும்படி ஜெர்மனியின் நாமூர் என்னும் ஆலைத் தானியங்கித் துறை அமைப்பு பரிந்துரையே எழுதி வைத்திருக்கிறது. பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்போம். இரண்டு செப்புக் கம்பிகளுக்குத் தெரிந்த இந்த ஒழுக்கம், இணையத்தில் ஏறியதும் காணாமல் போய்விட்டது.

கோளாறைக் கோளாறு என்று சொல்வது முதல் படி மட்டுமே. அதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. தன்னைத் தானே தகவமைத்துக்கொள்ளும் இடைநிலை மென்பொருள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பெயர் மிரட்டினாலும் விஷயம் நமக்குத் தெரிந்ததே. மின்ட் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் செய்வதை எண்ணிப் பாருங்கள். அட்டவணை அவர் கையில் இருக்கிறது. ஆனாலும் பேசின் பாலத்தில் வண்டிகள் தேங்கி நிற்கின்றன என்று தெரிந்தால், ஒரு வண்டியை வேறு வழியில் திருப்புவார். வரவேண்டிய பேருந்து வரவில்லையென்றால் நிற்கும் வண்டியை அனுப்புவார். பேருந்து வந்துவிட்டதாக மட்டும் ஏட்டில் எழுதமாட்டார். கருவிகளுக்கும் திரைக்கும் நடுவே இருக்கும் மென்பொருள் அந்த டைம் கீப்பராக இருக்க வேண்டும்.

கணினித் துறையில் இது புதிய கனவும் அல்ல. 2001-இல் ஐபிஎம் ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்த பால் ஹார்ன், நம் உடலில் இதயத் துடிப்பையும் வெப்பத்தையும் நாம் நினைக்காமலே நரம்பு மண்டலம் பார்த்துக்கொள்வதுபோல, கணினி அமைப்புகள் தம்மைத் தாமே பேணிக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார். 2003-இல் ஜெஃப்ரி கெப்பார்ட்டும் டேவிட் செஸ்ஸும் அதற்கு ஒரு சுற்று வரைந்தார்கள்: கவனித்தல், ஆராய்தல், திட்டமிடல், செயற்படுத்தல், இந்த நான்குக்கும் பொதுவாக ஓர் அறிவுத் தொகுப்பு. ஆலையில் வால்வையும் சென்சாரையும் இணைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றை அறிந்தவர்களுக்கு இது பழகிய முகமாகவே தெரியும். ஆலைச் சுற்று தொட்டியின் மட்டத்தைக் கவனிக்கிறது. இந்தச் சுற்று தன் சொந்த நிலையைக் கவனிக்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

வட சென்னையில் இது ஆடம்பரமாகாது என்பதற்கு 2023 டிசம்பரே போதும். மிக்ஜாம் புயலின்போது பாதுகாப்புக்காகப் பல பகுதிகளில் மின்சாரத்தை நிறுத்தினார்கள், கைப்பேசிச் சேவையும் விழுந்தது. அளவு மிகவும் தேவைப்படும் நேரத்தில் மின்சாரமும் இணைப்பும் ஒன்றாகப் போகும் என்பதுதான் இங்கே இயல்பு. எனவே வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ கேப்டன் காட்டன் கால்வாய்க் கரையிலோ வைக்கும் பெட்டி, மின்சாரம் நின்றதும் பேட்டரியைக் கணக்கிட்டுச் செலவழிக்க வேண்டும்: ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பியதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாக்கலாம். ஆனால் நீர் ஏறத் தொடங்கினால் அந்தச் சிக்கனம் கொலைக்குச் சமம். உடனே பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டும். பேட்டரியைக் காப்பதா, எச்சரிக்கையைக் காப்பதா என்ற தீர்ப்பை நள்ளிரவில் எந்த அதிகாரியும் வந்து சொல்லப் போவதில்லை. மழைக்கு முன்பே விதியாக எழுதி மென்பொருளிடம் கொடுத்துவிட வேண்டும்.

இணைப்புக்கும் இப்படியே. 4ஜி விழுந்தால், நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் லோரா என்னும் ரேடியோ முறை வழியாக அருகிலுள்ள பள்ளிக்கூட மாடியில் இருக்கும் நுழைவாயில் பெட்டிக்கு அனுப்பலாம். ஆனால் அந்தப் பாதை குறுகலானது. மிக மெதுவான வேகத்தில் ஒரு செய்திக்கு 51 பைட்டுக்கு மேல் இடமில்லை. படம் அனுப்ப வழியில்லை. மட்டம், நேரம், பேட்டரி அளவு என்று சிலவற்றைத்தான் அனுப்பலாம். எதை விடுவது, எதை அனுப்புவது என்று தானே தெரிந்து பாதை மாறுவதுதான் தகவமைப்பு. இரண்டாவது ரேடியோவைப் பெட்டியில் வைத்துவிட்டு, அதற்கு மாறும் அறிவை வைக்காமல் விட்டால் அது விலை கூட்டிய பழைய பெட்டிதான்.

அளவே பொய்யாகும் வாய்ப்பும் உண்டு. மீயொலி சென்சார், ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து மட்டத்தைக் கணிக்கிறது. மிதந்து வரும் தெர்மோகோல் பெட்டியோ ஆகாயத்தாமரைக் கூட்டமோ கீழே நின்றால் அதையே நீர் என்று நம்பிவிடும். காற்று 10 டிகிரி குளிர்ந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு 6 மீட்டர் அளவுக்குக் குறையும்; அதைத் திருத்தாவிட்டால் 3 மீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டர் வரை பிழை வரும். மழைமானி சும்மா இருக்க, பக்கத்துக் கருவிகள் இரண்டும் அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் ஒரே நிமிடத்தில் 40 சென்டிமீட்டர் ஏறினால், நடு மென்பொருள் அந்த ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். அதேசமயம் சந்தேகத்தைக் காரணமாக்கி எச்சரிக்கையை விழுங்கிவிடாமல், 'சரிபார்க்கவும்' என்று மனிதரிடம் கைமாற்ற வேண்டும். வாயுக் கருவிகளில் இது இன்னும் கூர்மையானது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, ஊர் மக்களை எழுப்பியது அவர்கள் மூக்குதான். அமோனியாவை அளக்கும் மின்வேதி சென்சார் வாயு பட்டுப் பட்டே தேய்ந்து, உணர்திறன் குறைந்துகொண்டே போகும். தேய்ந்த சென்சாரும் சுத்தமான காற்றும் திரையில் ஒரே எண்ணைத்தான் காட்டும். கருவியின் வயதையும் கடைசியாக அளவு சரிபார்த்த தேதியையும் நினைவில் வைத்து, அதற்கேற்பத் தன் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளாத மென்பொருளை அந்தக் கடற்கரையில் வைப்பது ஆபத்து.

தகவமைப்பை நான் கண்மூடி ஆதரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலையில் வால்வு திறந்து மூடி, திறந்து மூடி, ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தால் 'ஹன்ட்டிங் ஆகிறது' என்போம். தன்னைத் திருத்திக்கொள்ளும் எந்தச் சுற்றுக்கும் இந்த வியாதி வரலாம். இணைப்பு சற்றுத் தடுமாறியதும் லோராவுக்குப் போவது, ஒரு புள்ளி சிக்னல் வந்ததும் 4ஜிக்குத் திரும்புவது, மறுபடி போவது என்று ஊசலாடினால் பேட்டரி அதிலேயே தீர்ந்துவிடும். மாறிய பிறகு குறைந்தது சில நிமிடங்கள் அங்கேயே தங்க வேண்டும், திரும்புவதற்கான எல்லை போவதற்கான எல்லையைவிட உயரமாக இருக்க வேண்டும் என்பன போன்ற தடுப்புகள் தேவை. மென்பொருள் தானாக எடுத்த ஒவ்வொரு முடிவையும் நேரத்தோடும் காரணத்தோடும் பதிவேட்டில் எழுத வேண்டும். பெட்டிக்குத் தொலைவிலிருந்து கட்டளை அனுப்பும் வழியைப் பூட்டி வைப்பதும் முக்கியம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்கள், ரூட்டர்கள் போன்ற கருவிகளைத்தான் கூட்டமாகக் கைப்பற்றியது.

இவை எல்லாம் ஒப்பந்தப்புள்ளியில் எழுதப்பட்டால்தான் நடக்கும். எத்தனை சென்சார், எவ்வளவு துல்லியம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்டு, குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுத்துவிட்டால், மென்பொருளுக்குச் செலவு செய்தவர் தோற்பார், செய்யாதவர் வெல்வார். ரிப்பன் மாளிகைக் கட்டுப்பாட்டு மையத்துக்கோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ அளவு அனுப்பப் போகும் எந்தக் கருவிக்கும், பணம் கொடுப்பதற்கு முன் ஓர் ஒப்புகைச் சோதனை கட்டாயமாக வேண்டும். பேட்டரியைக் கழற்றுங்கள், எத்தனை நிமிடத்தில் திரையின் பச்சை, 'அளவு வரவில்லை' என்று காட்டும் சாம்பல் நிறமாகிறது என்று பாருங்கள். ஆன்டெனாவைக் கழற்றுங்கள், மாற்றுப் பாதையில் அளவு வருகிறதா என்று பாருங்கள். சென்சாருக்குக் கீழே ஒரு தெர்மோகோல் துண்டைப் பிடியுங்கள். திரை அலறுகிறதா, சந்தேகிக்கிறதா என்று பாருங்கள். அரை நாள் வேலைதான். வட சென்னையில் கருவியியல் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையையும் பராமரிப்பையும் கற்றுக்கொடுத்தால், பெட்டி கெட்டதும் வேறு ஊரிலிருந்து ஆள் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் தெருப் பெட்டியில் 'கடைசி விருப்ப'த்தை அமைத்து, அளவோடு நேரத்தையும் சேர்த்து அனுப்பச் செய்துவிட்டோம். சென்ற மழையில் மின்சாரம் நின்று சற்று நேரத்தில் திரை சாம்பல் நிறமானது. நானும் இரண்டு இளைஞர்களும் டார்ச் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்தோம். அதற்கு மேல் தகவமைக்கும் வசதி ஒரு தெருவின் சந்தாப் பணத்தில் ஆகாது. அதை மாநகராட்சிதான் செய்ய வேண்டும். சோதனைக்கு இடம் தேவைப்பட்டால் எங்கள் தெருமுனையைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஏணியும் டார்ச்சும் எங்களிடமே உள்ளன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவியியல் பராமரிப்பாளர் ஒருவர்,
கொடுங்கையூர், சென்னை – 600118.