ஞாயிறு காலை எம்.எல்.ஏ. வருகிறார்: படித்துறை மனுவுக்குக் கையெழுத்து தேவை

அண்ணாச்சிமார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நம் எம்.எல்.ஏ. ஊர் சமுதாய நலக்கூடத்துக்கு வருகிறார். முதலில் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு, அப்புறம் குறை கேட்பு. நேரம் குறைவு. அதனால் ஒரே கோரிக்கையாக வைப்போம்: கன்னடியன் கால்வாய் படித்துறை.

கீழிருந்து மூன்றாவது படி பெயர்ந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. போன வாரம் ஒரு ஆச்சி துணிக்கூடையோடு வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கிப் படுத்திருக்கிறார். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அந்தப் படி கண்ணுக்கே தெரியாது. அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

தொகுதி மேம்பாட்டு நிதியாக ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உண்டு. அவர் பரிந்துரைக்க, கலெக்டர் அனுமதி தருவார். எனவே வாயால் சொன்னால் போதாது, மனு வேண்டும். கோவில் மண்டபத்தை இதில் கேட்காதீர்கள். வழிபாட்டு இடங்களுக்கு இந்த நிதி கிடையாது.

1. வெள்ளி இரவு 8 மணிக்குள் வீட்டுக்கு ஒருவர் கையெழுத்து. மனு ரேஷன் கடை எதிரே உள்ள டீக்கடையில் இருக்கும்.
2. படித்துறை போட்டோவைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துக் குழுவில் போடுங்கள்.
3. ஞாயிறு 9.30 மணிக்கே வந்துவிடுங்கள். தினமும் அங்கே துவைக்கிற பெண்கள் அவசியம் வர வேண்டும். அவர்கள் சொன்னால்தான் எடுபடும்.
4. சால்வை, மாலை வேண்டாம்.

வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறீர்கள் என்று நாளை இரவுக்குள் பதில் போடுங்கள்.