கள்ளக்கடல் மாதத்தில் வரும் மகளுக்கு

மக்களே,

வருகிற மே மாதம் ஆபீஸ் சினேகிதிகள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். போனில் கடல் பேச்சை எடுத்தாலே "நான் கடற்கரையில பிறந்தவதானே அப்பா" என்று வாயை அடைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். பிறந்தது கடற்கரைதான், ஆனால் ஆறாம் வகுப்பிலேயே விடுதிக்குப் போனவள் நீ. இந்தக் கடலை லீவு நாளில்தான் பார்த்திருக்கிறாய்.

மே மாதம் காற்றே இல்லாத நாளில், கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடக்கும்போது, திடீரென்று அலை ஏறி வந்து கரையில் கிடக்கிற வள்ளத்தை இழுக்கும். திருடன்போல் வருவதால் கள்ளக்கடல் என்கிறோம். விஞ்ஞானிகளும் இப்போது அந்தப் பேரையே எழுதுகிறார்கள். குமரிக்குத் தெற்கே அண்டார்டிகா வரை பெரிய நிலம் எதுவும் கிடையாது. அந்தத் தெற்குக் கடலில் அடிக்கிற புயல் எழுப்பின அலை, பல நாள் ஓடி நம் கரையில் வந்து விழுகிறது. ஓடி வருவது தண்ணீர் இல்லை, புயல் கொடுத்த விசை. ஆழத்தில் வலையின் மிதவை ஏறி இறங்கிக்கொண்டு கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்குமே, அதை நினைத்துக்கொள். கரைக்குக் கிட்டே ஆழம் குறையக் குறைய அலை வேகம் இழந்து, பின்னால் வருவது நெருக்க, உயர்ந்து முறிகிறது.

சாதாரணக் காற்றலை ஐந்தாறு விநாடிக்கு ஒன்று வரும். கள்ளக்கடலில் இரண்டு அலைக்கு நடுவே 15 விநாடிக்கு மேலும் போகும். அந்த இடைவெளியில்தான் ஆட்கள் தைரியமாக இறங்குகிறார்கள். 2024 மே 6-ஆம் தேதி நம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவம் படிக்கிற ஐந்து பிள்ளைகளை அலை இழுத்துக்கொண்டு போய், உயிர் போனது. அன்று எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் (INCOIS) என்கிற கடல் தகவல் நிறுவனம்தான் அதை வெளியிடும். கிளம்புகிற அன்று காலையில் நீயே போனில் பார்த்துவிடு.

இன்னொன்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. எனக்கு 19 வயதிருக்கும். வலை காயப்போட்டுவிட்டுக் குளிக்க இறங்கினேன். இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைத்து முறிகிறது, நடுவில் மட்டும் தண்ணீர் கறுத்து அமைதியாகக் கிடந்தது. அதில்தான் இறங்கினேன். கரையில் குவிந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வாய்க்கால் அது என்று கழுத்தளவு போன பிறகுதான் தெரிந்தது. கரையைப் பார்த்து நீந்தினேன், நீந்த நீந்தக் கரை தூரமானது. கை ஓய்ந்து, சரி போகட்டும் என்று மல்லாந்து கிடந்தேன். அது என்னை அடியில் இழுக்கவில்லை. அலை முறிகிற இடத்தைத் தாண்டினதும் விட்டுவிட்டது. பக்கவாட்டில் நீந்தி, நுரைக்கிற இடத்துக்கு வந்து, அலையோடு கரையேறினேன். அன்று வீரமாக நீந்தியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

உன் சினேகிதிகள் அமைதியான இடத்தைத்தான் தேடுவார்கள். நீ அந்த இடத்தைக் கைகாட்டி விலக்கு. யாராவது மாட்டினால் பின்னாலேயே குதிக்காதே. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர் போன வீடுகள் நம் ஊரிலேயே உண்டு. காலி கேனோ கயிறோ எறி, மிதந்துகொண்டு கையைத் தூக்கச் சொல்லிக் கத்து, கரையில் நிற்கிற நம் ஆட்களைக் கூப்பிடு, 112-க்கு அடி. முட்டத்துப் பாறையில் போட்டோ எடுப்பதானால் ஈரமாக இருக்கிற பாறைக்குப் போகவே வேண்டாம். ஈரம் இருந்தால் அலை அதுவரை வந்திருக்கிறது.

குளிக்கத்தான் வேண்டும் என்றால் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப் போகிறேன். சாயங்காலம் மணலில் உட்கார்ந்து எத்தனை நேரம் வேண்டுமானாலும் கடலைப் பாருங்கள்.

அம்மா மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைப்பதாக இருக்கிறாள். அவர்களில் மீன் சாப்பிடாதவர்கள் யாராவது உண்டா என்று கேட்டுச் சொல்.

அப்பா